வழுக்கி விழுந்தவர் ஒரே முறைதான் கேட்க முடியும்: தென்னாப்பிரிக்காவில் அறுவைச் சிகிச்சைச் செலவும் இழப்பீடும்

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் என் பெரியம்மா விழுந்தது தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை காலையில். கடையின் குளிர்பெட்டி ஒன்றிலிருந்து கசிந்த நீர் வெள்ளை ஓட்டுத் தரையில் பரவியிருந்தது. தண்ணீருக்கும் தரைக்கும் ஒரே நிறம். கொத்தமல்லிக்கட்டை எடுக்கக் கை நீட்டியவர் அப்படியே இடப்பக்கம் சாய்ந்தார். தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. கூடப் போயிருந்த என் தம்பி பதற்றத்தில் அவரைக் காரில் ஏற்றி முதலில் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டான். ஒரு மணி நேரம் கழித்து மருத்துவமனை வரவேற்பில் "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டபோது "வீட்டிலிருந்து" என்றான். எழுத்தர் "வீட்டில் விழுந்தார்" என்று பதிந்துகொண்டார்.

அந்த இரண்டு சொற்களைத் திருத்த எங்களுக்கு எட்டு மாதம் பிடித்தது.

நான் வழக்கறிஞன் அல்லன். முப்பது வருடம் கணக்கு எழுதிப் பிழைத்தவன். பெரியம்மாவின் காகிதங்களை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் சேர்த்து, வழக்கு முடியும்வரை கூடவே அலைந்தவன். அன்றே தெரிந்திருந்தால் எந்த வரிசையில் செய்திருப்பேனோ, அந்த வரிசையில் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு சட்ட விதியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி ஒரு விபத்துக்கு ஒரே ஒரு முறைதான் இழப்பீடு கேட்கலாம். நடந்த அறுவைச் சிகிச்சை, இனி நடக்கக்கூடிய அறுவைச் சிகிச்சை, இழந்த சம்பளம், இழக்கப்போகும் சம்பளம், வலி என எல்லாவற்றையும் ஒரே வழக்கில் கேட்டுவிட வேண்டும். "இப்போதைக்கு ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் கொடுங்கள், மற்றதைப் பிறகு பார்ப்போம்" என்று கையெழுத்திட்டால் அந்தப் 'பிறகு' வரவே வராது.

படி 1: விழுந்த இடத்தில்

அடிபட்டவரை அசைக்காதீர்கள்; ஆம்புலன்ஸ் வரட்டும். இடுப்பில் அடிபட்டு, கால் சற்றுக் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் முறிவு என்றே கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் ஊழியர் எழுதும் தாளில் விழுந்த இடமும் நேரமும் இருக்கும். காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனால் அந்தச் சாட்சி போய்விடும்.

காத்திருக்கும் நேரத்தில் தரையைப் படம் எடுங்கள். ஈரத்தை மட்டும் நெருக்கமாக எடுத்தால் போதாது; எந்தக் கடை, எந்த வரிசை என்று தெரியும்படி தூரத்திலிருந்தும் எடுக்க வேண்டும். எச்சரிக்கைப் பலகை இருந்ததா, இல்லையா என்பதும் படத்தில் தெரிய வேண்டும். விழுந்த பிறகு ஓடிவந்து மஞ்சள் பலகை வைப்பார்கள். பலகை வருமுன் எடுத்த படத்துக்குத்தான் மதிப்பு. அருகில் நின்ற வாடிக்கையாளர் ஒருவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். கடையின் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பக்கத்தையும் படம் எடுங்கள்.

காலணியைத் தூக்கி எறியாதீர்கள், கழுவாதீர்கள். "செருப்பு தேய்ந்திருந்தது" என்பதுதான் எதிர்த்தரப்பு முதலில் வீசும் கல். பெரியம்மாவின் ரப்பர் செருப்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தோம். அதன் அடிப்பாகத்து வரிகள் புதிதாகவே இருந்தன. அந்தக் கல் திரும்பிப் போயிற்று.

அன்றைய கடை ரசீதையும் உடனே நகல் எடுங்கள். வெப்பத்தில் அச்சாகும் அந்தத் தாள் சில மாதங்களில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். எங்கள் டப்பாவில் அப்படி மூன்று வெள்ளைத் தாள்கள் இருக்கின்றன.

கேமரா பதிவு இதைவிட அவசரம். பல கடைகளில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிக்கொண்டிருக்கும். சில வாரங்களில் உங்கள் காட்சி அழிந்துவிடும். ஆகவே அதே வாரத்தில், தேதியும் நேரமும் குறிப்பிட்டு, "இந்தப் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள்" என்று மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தர மறுத்தால் 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் நிறுவனத்திடமும் முறைப்படி விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

படி 2: மருத்துவமனையில் வாயைத் திறக்கும் முன்

வரவேற்பில் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "இன்ன கடையில், ஈரத் தரையில், இத்தனை மணிக்கு வழுக்கி விழுந்தார்." இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே ஒவ்வொரு பில்லிலும் நோய்க்கான குறியீட்டு எண் இருக்கும். தொடை எலும்புக் கழுத்து முறிவு எஸ் 72.0. காயம் என்றால் அதற்கு என்ன காரணம் என்ற குறியீடும் சேர்ந்தே வரும். டபிள்யூ 01 என்றால் ஒரே மட்டத்தில் வழுக்கியோ தடுக்கியோ விழுந்தது. புள்ளிக்கு அடுத்து வரும் எண் இடத்தைச் சொல்லும்: 0 வீடு, 4 தெரு, 5 கடை போன்ற வணிக இடம்.

பெரியம்மாவின் பில்களில் எல்லாம் 5 இருக்க வேண்டிய இடத்தில் 0 இருந்தது. வரவேற்பில் பதிந்ததை மயக்க மருந்து நிபுணரும் எக்ஸ்ரே பிரிவும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் முதல் கடிதத்திலேயே எடுத்துக்காட்டினார். தம்பி சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்து, மருத்துவரிடம் விளக்கக் கடிதம் வாங்கி, பில்களைத் திருத்தி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அனுமதிச் சீட்டில் கையெழுத்திடும்போதே இந்த எண்ணைப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

கையில் பணம் இல்லை என்று தயங்கி நிற்காதீர்கள். அவசர மருத்துவச் சிகிச்சையை யாருக்கும் மறுக்கக்கூடாது என்று அரசியல் சாசனத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. அது தனியார் மருத்துவமனைக்கும் பொருந்தும்.

படி 3: அறுவைச் சிகிச்சைக்கு யார் பணம் கட்டுவது

இழப்பீடு வருவதற்கு வருடங்கள் ஆகும். இடுப்பெலும்பு அதுவரை காத்திராது. ஆகவே முதலில் யாராவது கட்டியாக வேண்டும்.

தனியார் மருத்துவமனையில் ஒரே பில் வரும் என்று எண்ணுபவர்கள் ஏமாந்து போவார்கள். பெரும்பாலான மருத்துவர்கள் அங்கே சம்பளக்காரர்கள் அல்லர்; ஆளுக்கொரு பில் அனுப்புவார்கள். மருத்துவமனை அறைக்கும் அறுவை அரங்கின் நேரத்துக்கும் ஒன்று. அறுவை நிபுணருக்கு ஒன்று, உதவி நிபுணருக்கு ஒன்று, மயக்க மருந்து நிபுணருக்கு ஒன்று. எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, பிசியோதெரபி ஆகியவை தனித்தனி. உள்ளே வைக்கும் செயற்கை மூட்டு அல்லது தகடும் திருகுகளும் வேறொரு வரி. பல நேரங்களில் அதுவே பெரிய வரி. பெரியம்மாவுக்குப் பாதி மூட்டு மாற்றினார்கள். மொத்தம் ஒன்பது இடத்திலிருந்து பில் வந்தது. கடைசியாக ஒன்று, அவர் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறிய பிறகு வந்தது.

மெடிக்கல் எய்ட், அதாவது சந்தா கட்டிச் சேரும் மருத்துவச் செலவுத் திட்டம், இருப்பவர்களுக்கு ஒரு பலமான ஆயுதம் உண்டு. 1998-ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டப்படி, கட்டாயமாக வழங்க வேண்டிய குறைந்தபட்சப் பலன்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இடுப்பு முறிவும் அவசர நிலையும் அதில் அடங்கும். எவ்வளவு மலிவான திட்டத்தில் இருந்தாலும் அவற்றுக்கான செலவைத் திட்டம் முழுமையாகக் கட்ட வேண்டும். திட்டத்துக்குள் உங்கள் பெயரில் இருக்கும் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கவும் கூடாது. திட்டம் குறித்துவைத்திருக்கும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். ஆனால் அவசரத்தில் வேறு வழியின்றி வேறிடம் போனவரை அதைக் காட்டித் தண்டிக்க முடியாது. நிபுணர்கள் திட்டக் கட்டணத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்பது இங்கே வழக்கம். மீதியை உங்கள் தலையில் கட்டினால், குறைந்தபட்சப் பலன் என்று குறிப்பிட்டு எழுத்தில் மறுபரிசீலனை கேளுங்கள். அப்படியும் அசையாவிட்டால் இந்தத் திட்டங்களைக் கண்காணிக்கும் மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சிலிடம் புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. பில்கள் சிகிச்சை நடந்த மாதத்துக்கு அடுத்த நான்காம் மாத முடிவுக்குள் திட்டத்தைச் சேர வேண்டும். தாமதமாக வரும் அந்த ஒன்பதாவது பில்லுக்கும் இதுவே கெடு.

மெடிக்கல் எய்ட் இல்லாதவர்கள் அரசு மருத்துவமனைக்குத்தான் போவார்கள். சாட்ஸ்வர்த்தில் ஆர்.கே. கான், ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை. சிக்கலான நோயாளிகளை இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மத்திய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. அரசு முதியோர் உதவித்தொகை வாங்குபவருக்கு இலவசம். உதவித்தொகை அட்டையை எடுத்துப் போங்கள். இலவசமாகச் சிகிச்சை பெற்றுவிட்டால் இனி எதுவும் கேட்க முடியாது என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வலிக்கும், இழந்த வருமானத்துக்கும், வருங்காலச் சிகிச்சைக்கும் இழப்பீடு கேட்கலாம். வருங்காலச் சிகிச்சையைத் தனியார் கட்டண அளவிலேயே கேட்கலாம். அதே தரத்தில் குறைந்த செலவில் வேறிடத்தில் கிடைக்கும் என்றால் அதை எதிர்த்தரப்புதான் சாட்சியத்தோடு காட்ட வேண்டும்.

படி 4: யாரிடம் கேட்பது

வழுக்கி விழுந்தவர்களில் பலர் தவறான கதவைத் தட்டுகிறார்கள்.

வேலை நேரத்தில், வேலை தொடர்பாக விழுந்திருந்தால் முதலாளி மீது வழக்குத் தொடர முடியாது. 1993-ஆம் ஆண்டின் தொழிலாளர் காய இழப்பீட்டுச் சட்டப்படி அரசின் இழப்பீட்டு நிதியிடம் கேட்க வேண்டும். அதற்கும் கெடு உண்டு; தாமதிக்காதீர்கள். யாருடைய தவறு என்ற கேள்வியே அங்கே எழாது; ஆனால் வலிக்குத் தனித் தொகை கிடையாது. வீட்டு வேலை செய்பவர்களும் இதில் அடங்குவார்கள் என்று 2020 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் வீட்டில் துணி துவைக்க வரும் பெண் குளியலறையில் விழுந்தாலும் இதுதான் வழி. அவரைப் பதிவு செய்யாமல் வைத்திருப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

பஸ்ஸிலிருந்தோ மினிபஸ் டாக்சியிலிருந்தோ இறங்கும்போது வண்டி நகர்ந்து விழுந்தால் அது அரசின் சாலை விபத்து நிதிக்குப் போக வேண்டிய கோரிக்கை. நடைபாதைப் பள்ளத்தில் விழுந்தால் நகராட்சி.

கடை என்றால் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். விழுந்தேன், அடிபட்டது என்பது மட்டும் போதாது. ஆனால் 1990-களில் ஒரு பல்பொருள் அங்காடி மீதான ஜொஹானஸ்பர்க் வழக்கு நமக்கு ஒரு படிக்கட்டு வைத்துக்கொடுத்தது. தரையில் எண்ணெய் கிடந்தது என்று விழுந்தவர் காட்டிவிட்டால், சிந்தியதை நியாயமான நேரத்துக்குள் கண்டு துடைக்கும் ஏற்பாடு தங்களிடம் இருந்தது, அது அன்று நடந்தது என்று கடைக்காரர் விளக்க வேண்டும். இல்லையென்றால் கவனக்குறைவு என்று நீதிமன்றம் முடிவு செய்யலாம். அதனால் துப்புரவுப் பதிவேட்டைக் கேளுங்கள். எத்தனை மணிக்கு யார் துடைத்தார் என்று கையெழுத்திட்டிருப்பார்கள். ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், நாள் முழுவதும் ஒரே அவசரத்தில் கிறுக்கிய பதிவேட்டை நான் பார்த்திருக்கிறேன். கணக்கெழுதிய கண்ணுக்கு அது போதும்.

வணிக வளாகத்தின் பொது நடைபாதை என்றால் பொறி ஒன்று இருக்கிறது. 2008-இல் புளூம்ஃபொன்டைன் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், தகுதியான துப்புரவு ஒப்பந்த நிறுவனத்தை அமர்த்தியிருந்த வளாக உரிமையாளர் பொறுப்பல்ல, துப்புரவு நிறுவனமே பொறுப்பு என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. துப்புரவாளர் யார் என்பதை முதல் மாதத்திலேயே கண்டுபிடியுங்கள். இருவரையும் பிரதிவாதியாகச் சேருங்கள். சீருடையில் பெயர் இருக்கும்.

"சொந்தப் பொறுப்பில் உள்ளே வரவும்" என்ற பலகையைக் கண்டு மனம் தளர வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். டர்பன் கேளிக்கைப் பூங்கா ஒன்றின் வழக்கில் அப்படிப்பட்ட பலகை நிறுவனத்தைக் காப்பாற்றியது. 2012-இல், வாயிற்கதவு விருந்தினர் மீது விழுந்த ஹோட்டல் வழக்கில் காப்பாற்றவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், பலகை எளிய மொழியில், கண்ணில் படும்படி இருக்க வேண்டும்; படுமோசமான கவனக்குறைவை எந்தப் பலகையாலும் மறைக்க முடியாது.

கோயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காவடி நாளில் மஞ்சள் நீர் ஓடும் படிகளில் வருடம் தவறாமல் யாராவது விழுகிறார்கள். சாமி இடத்தில் வழக்கா என்று முகம் சுளிப்பார்கள். கோயிலும் பொதுமக்கள் வரும் இடம்தான். பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்திருந்தால் பணம் உண்டியலிலிருந்து போகாது. எடுக்காத நிர்வாகக் குழு மீதுதான் எனக்குக் கோபம்.

படி 5: காலக்கெடு

தனியார் மீது 3 ஆண்டு. யார் பொறுப்பு, என்ன நடந்தது என்று தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுவார்கள். விழுந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. நகராட்சியோ மாகாண அரசோ என்றால் முதலில் 6 மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும். நகராட்சிக்கு என்றால் நகராட்சி மேலாளரிடம். குழந்தை விழுந்திருந்தால் 18 வயது முடிந்து ஓராண்டுவரை கெடு முடிவதில்லை.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கடிதம் அனுப்புவதால் கெடு நிற்காது. காப்பீட்டு நிறுவனம் "பரிசீலித்து வருகிறோம்" என்று மரியாதையாகப் பதில் எழுதுவதாலும் நிற்காது. சம்மன் அவர்கள் கையில் சேர வேண்டும், அல்லது பொறுப்பை அவர்களே ஒப்புக்கொள்ள வேண்டும். மரியாதையான கடிதங்களைப் படித்துக்கொண்டே மூன்று ஆண்டைத் தொலைத்தவர்கள் நம் தெருவிலேயே உண்டு.

படி 6: எவ்வளவு என்று கணக்கிடுவது

இதுவரை செலவான மருத்துவப் பணம், இனி ஆகும் மருத்துவப் பணம், இதுவரை இழந்த வருமானம், இனி இழக்கும் வருமானம், வலிக்கும் வாழ்க்கைச் சுகம் குறைந்ததற்குமான பொது இழப்பீடு என ஐந்து தலைப்புகள். முதலாவதுக்கு பில் போதும். மெடிக்கல் எய்ட் கட்டிய தொகையையும் முழுதாகக் கேட்கலாம். நீங்கள் சந்தா கட்டி வாங்கிய பலனைக் காட்டித் தவறு செய்தவர் தப்ப முடியாது. ஆனால் இழப்பீடு வந்ததும் அந்தத் தொகையைத் திட்டத்துக்குத் திருப்பித் தருவதாக உறுதிமொழி வாங்கியிருப்பார்கள். படிக்காமல் கையெழுத்திட்ட தாள்களில் அதுவும் ஒன்றாக இருக்கும்.

இரண்டாவது தலைப்பில்தான் பணம் புதைந்து கிடக்கிறது. செயற்கை மூட்டு தேயும் பொருள். ஐம்பது வயதில் வைத்தவருக்குப் பின்னாளில் மாற்று அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். முதல் முறையைவிட அது கடினமானது. தகடும் திருகும் உறுத்தினால் எடுக்க வேண்டும். பிசியோதெரபி, வலி மருந்து, குளியலறைக் கைப்பிடி, உயர்த்திய கழிப்பறை இருக்கை எல்லாம் இந்தத் தலைப்புக்குள் வரும். இவற்றை எலும்பு நிபுணரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் அறிக்கையாக எழுத வேண்டும். வருமான இழப்பை ஆக்சுவரி எனப்படும் காப்பீட்டுக் கணக்கு நிபுணர் கணக்கிடுவார். "இனி எத்தனை முறை அறுவை, எந்த வயதில், இன்றைய விலையில் எவ்வளவு?" என்று நிபுணரிடம் நேராகக் கேளுங்கள். அறிக்கையில் இல்லாதது தீர்ப்பிலும் இராது.

பாதிக்கப்பட்டவரும் கவனக்குறைவாக இருந்தால் 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த அளவுக்குக் குறைப்பார்கள். கைபேசியைப் பார்த்துக்கொண்டே நடந்தது கேமராவில் இருந்தால் குறையும். கணக்குக்காக மொத்தம் 6 லட்சம் ரேண்ட், உங்கள் பங்கு 25 சதவீதம் என்றால் கையில் 4.5 லட்சம்.

படி 7: நீதிமன்றமும் வழக்கறிஞரும்

சிறு உரிமை நீதிமன்றத்தில் 20,000 ரேண்ட் வரை கேட்கலாம். வழக்கறிஞர் கிடையாது, முன்னதாக 14 நாள் கெடு வைத்துக் கோரிக்கைக் கடிதம் கொடுத்தால் போதும். சுளுக்குக்கும் உடைந்த கண்ணாடிக்கும் நல்லது. அறுவைச் சிகிச்சை நடந்தவர் அங்கே போகக்கூடாது. 20,000 வாங்கிய அன்றே மீதிக் கதவு மூடிவிடும்.

பெரிய தொகைக்கு 'வென்றால் கட்டணம்' ஒப்பந்தத்தில் வழக்கறிஞர் கிடைப்பார். 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழக்கமான கட்டணத்தின் இரு மடங்கு, அல்லது கிடைத்த தொகையில் 25 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதுதான் உச்சவரம்பு. மேலே சொன்ன 4.5 லட்சத்தில் 25 சதவீதம் 1,12,500. அவருடைய வழக்கமான கட்டணம் 90,000 என்றால் இரு மடங்கு 1,80,000. ஆகவே 1,12,500-க்கு மேல் வாங்கக்கூடாது. வழக்கமான கட்டணம் 40,000 என்றால் 80,000-தான். "எல்லாருக்கும் 25 சதவீதம்" என்று கண்ணை மூடிச் சொல்பவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திட்டபின் 14 நாளுக்குள் பின்வாங்கலாம். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவு யார் தலையில் விழும், நிபுணர் கட்டணத்தை யார் முன்பணமாகக் கட்டுவார் என்ற இரண்டையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். மருத்துவமனை வாசலில் அட்டை நீட்டுபவரை நான் நம்புவதில்லை.

சமரசத் தொகை வரும்போது முழுமையான, இறுதியான தீர்வு என்று எழுதியிருப்பார்கள். கையெழுத்துக்கு முன் மெடிக்கல் எய்டுடன் பேசுங்கள். உங்கள் தொகை 25 சதவீதம் குறைந்தது என்றால் அவர்கள் திருப்பிக் கேட்பதையும் அதே விகிதத்தில் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்; கேட்டால் பல நேரங்களில் இறங்கி வருவார்கள்.

பணம் முதலில், வாடிக்கையாளர் பணத்தை வழக்கறிஞர் தனியே வைத்திருக்கும் அறக்கட்டளைக் கணக்குக்குத்தான் போகும். அங்கிருந்து கழிவுகள் போக மீதி உங்களுக்கு வரும்போது ஒரு கணக்குத் தாள் தருவார். பெரியம்மா அதை வாங்கிப் பார்க்காமலே என்னிடம் நீட்டி, "தம்பி, நீயே பார்த்துச் சொல்" என்றார். டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு பில்லோடு ஒப்பிட்டேன். நிபுணர் ஒருவரின் அறிக்கைக் கட்டணம் இரண்டு தேதிகளில் இரண்டு முறை ஏறியிருந்தது. தொலைபேசியில் சொன்னேன். அடுத்த வாரம் திருத்திய தாள் வந்தது.